கணினியின் கண்ணுக்குத் தெரியாத புதுத் தட்டு

இயந்திரத்திற்குக் கண் உண்டா என்று கேட்டால் நகைப்பீர்கள். ஆயினும், கணினிக்குள்ளே புதிய சாதனமொன்றைப் பொருத்திவிட்டு, ‘இது அதைக் காண மறுக்கின்றதே’ என்று கலங்கி நிற்போர் நம் கண்டி மாநகரிலும் சுற்றுப்புறங்களிலும் இல்லாமலில்லை. அவர்கள்பொருட்டே இவ்வாரம் இப்பகுதியை ஒதுக்கியுள்ளேன்.

புதுக் கணினியின் விலை நடுத்தரக் குடும்பத்தினருக்கு எட்டாக் கனியாகிவிட்ட இந்நாளில், பழைய பெட்டிக்குள் எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைத் தட்டு ஒன்றைப் பூட்டிக்கொள்வது சிக்கனமான வழி. தட்டென்பது பெயரளவிலேதான், அதனுள் சுழல்வது யாதுமில்லை. 1956ஆம் ஆண்டில் ஐ.பீ.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டுச் சாதனம், இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுக்களைச் சுழற்றி, 50 இலட்சம் எழுத்துக்களை மாத்திரமே சேமித்தது. தொஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய பூஜியோ மசுவோகா என்னும் ஜப்பானியப் பொறியியலாளர் 1980களில் உருவாக்கிய பிளாஷ் நினைவகமோ, மின்னேற்றத்தைச் சிறு சிறு அறைகளில் சிறைப்படுத்தி வைக்கின்றது. இன்றைய திண்மநிலைத் தட்டுக்கு அதுவே மூலம்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலுள்ள ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைக் கூறுகின்றேன். தந்தை காலமாகி மூன்றாண்டுகள். அவர் எடுத்த படங்களும், பிள்ளைகளுக்குப் பேசிப் பதிந்துவைத்த சில நிமிடக் குரலும் பழைய வன்தட்டிலேயே இருந்தன, வேறெங்கும் பிரதியில்லை. அத்தட்டோ கிறீச்சிடத் தொடங்கியிருந்தது. உயர்தர வகுப்பிற் பயிலும் மகன் புதுத் தட்டொன்றை வாங்கிவந்து ஒழுங்காகவே பூட்டினான். கணினி இயங்கிற்று; பழைய தட்டும் தெரிந்தது. புதியது மட்டும் காணோம். நகரத்துக் கடையொன்றிற்குக் கொண்டு சென்றபோது, “எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும் அம்மா” என்று பதில் வந்ததாம். தாய் ஒன்றும் பேசாது பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். அவர் செய்தது முற்றிலும் சரி. எந்தப் படத்தையும் அழிக்க வேண்டிய தேவை அங்கே இருக்கவேயில்லை.

நடந்தது யாதெனில், தொழிற்சாலையிலிருந்து வரும் தட்டு கோடு போடாத வெற்றுக் காகிதம் போன்றது. கணினி அதை அறிந்திருந்தாலும், பக்கமும் எண்ணும் இடும்வரை நம் பார்வைக்குக் கொண்டுவருவதில்லை. கணினியை இயக்கியவுடன் எஃப்2 அல்லது டிலீற் விசையை அழுத்தினால் (எவ்விசை என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது) பயோஸ் என்னும் அடிப்படைத் திரை தோன்றும். அங்கே புதுத் தட்டின் பெயர் காணப்படின், கம்பித் தொடர்பிலே குற்றமில்லை. பின்னர் வின்டோஸினுள் நுழைந்து, வின்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் ஒருங்கே அழுத்தி, ‘டிஸ்க் மனேஜ்மென்ட்’ என்பதைத் தெரிவு செய்க. புதுத் தட்டு அங்கே கரும்பட்டையாகக் கிடக்கும். அதைத் தயார்ப்படுத்தவா என்று, ‘இனிஷியலைஸ்’ என்னுஞ் சொல்லால், ஒரு கேள்வி எழும்.

இவ்விடத்திலேதான் நிதானம் வேண்டும். எந்தத் தட்டைப் பற்றிய கேள்வி அது? கொள்ளளவைக் கொண்டு அறியலாம். 500 கிகாபைட்டு என்று விற்கப்படும் தட்டு, வின்டோஸில் ஏறத்தாழ 465 என்றே தோன்றும். விற்போர் ஆயிரம் ஆயிரமாகவும் வின்டோஸ் 1024ஆகவும் எண்ணுவதால் வரும் வேற்றுமையன்றிக் கடைக்காரர் ஏமாற்றியதன்று. கேள்வி பழைய தட்டைக் குறிப்பதாயின் மறுமொழியின்றி மூடிவிடுக. நோய்வாய்ப்பட்ட தட்டும் சில வேளை வெற்றுத் தட்டைப்போல் நடிக்கும். புதியதையே குறிக்கிறதென்று உறுதியானபின் ஜீ.பீ.ரீ. என்னும் முறையைத் தெரிந்து, கரும்பட்டையின்மேல் வலப்புறச் சொடுக்கிட்டு, ‘நியூ சிம்பிள் வொல்யூம்’ வழியாக ஓர் எழுத்தைப் பெயராக இட்டால் வேலை முடிந்தது. மிகப் பழைய கணினியில் அத்தட்டிலிருந்தே வின்டோஸைத் தொடக்க எண்ணுவோர் மாத்திரம் எம்.பீ.ஆர். முறையை நாட வேண்டியிருக்கும்.

கட்டுகஸ்தோட்டை வீட்டில் இவ்வளவும் கால் மணி நேரத்தில் நிறைவேறிற்று. படங்களைப் பிரதியெடுக்கத்தான் இரவு முழுவதும் சென்றது. கிறீச்சிடும் தட்டு அத்துணை மெதுவாக ஓடியது.

பயோஸிலேயே பெயர் காணாவிடின் காரணம் வேறு. சாட்டா வகையாயின் தரவுக்கம்பி, மின்கம்பி இரண்டையும் கழற்றி மீளப் பொருத்துக. சூயிங்கம் துண்டுபோல் மெலிந்திருக்கும் எம்.2 வகையில் ஒரு சூது உண்டு. ஒரே உருவத்தில் சாட்டா, என்.வீ.எம்.ஈ. என இரு சாதிகள். ஒன்றுக்குரிய பொருத்தியில் மற்றது சில வேளை நன்றாகவே அமர்ந்துவிடும், ஆனால் வேலை செய்யாது. வாங்குமுன் தாய்ப்பலகையின் கைந்நூலைப் பார்ப்பதே உத்தமம். சில பலகைகளில் எம்.2 இடத்தை நிரப்பினால் பக்கத்துச் சாட்டா வாயில் ஒன்று அடைபட்டுவிடுவதும் உண்டு. பழைய தட்டை அச்சொட்டாகப் புதியதிற் படியெடுத்தோருக்கு இன்னொரு விசித்திரம் நேரலாம்: இரண்டும் ஒரே அடையாள எண்ணைத் தாங்குவதால், வின்டோஸ் ஒன்றை ‘ஒப்லைன்’ என்று ஒதுக்கிவைக்கும்.

பெட்டியைத் திறக்குமுன் சுவரிலுள்ள ஆளியை அணைத்துக் கம்பியையும் பிடுங்கிவிடுக. ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நம் மலைகளிலே பிற்பகல் இடி எவ்வாறு இறங்குமென்று கண்டிவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொண்டால், உடலிலுள்ள நிலைமின்னும் நீங்கும்.

படங்களைத் திண்மநிலைத் தட்டில் இட்டு அலுமாரிக்குள் பூட்டிவைத்து, ஆண்டுக்கணக்காக மறந்துவிடலாமென்று எண்ணுவோரும் உளர். மின்சாரமே காணாது நெடுநாள் கிடந்தால் அதன் அறைகளிலுள்ள மின்னேற்றம் மெல்லக் கசியக்கூடும். ஆகவே அதை இடையிடையே இணைத்து இயக்குவதோடு, வேறொரு வன்தட்டிலும் ஒரு பிரதி எடுத்து, அதை இன்னொரு வீட்டிலே வைத்திருங்கள்.