எலும்பு என்ன செருப்பா, தேய்வதற்கு?

போடியில் நாற்பது தாண்டிய அம்மாக்களிடம் முதுகுவலி, மூட்டுவலி என்று பேச்சை எடுத்துப் பாருங்கள். "எலும்பு தேய்மானம்பா" என்பார்கள். ஏலக்காட்டில் உழைத்து உழைத்துத் தேய்ந்துவிட்டதாம்! இந்த ஒரு வார்த்தை செய்கிற அநியாயம் கொஞ்சமல்ல மக்களே.

இரண்டு நோய்க்கு ஒரே பெயர் இது. மூட்டில் தேய்வது எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு. குனிந்தே காய் எடுப்பதும் சுமை தூக்குவதும் மூட்டைப் படுத்தும்தான், மறுக்கவில்லை. ஆனால் எலும்பே உள்ளுக்குள் பொத்தலாகிப் பலமிழப்பது ஆஸ்டியோபொரோசிஸ். அதில் எதுவும் தேய்வதில்லை.

எலும்பு உயிருள்ள திசு. ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பழைய எலும்பைக் கரைத்துக் குழி பறிக்கும். பின்னாலேயே ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் வந்து கொலாஜன் என்ற புரத நாரைப் பின்னி, அதில் கால்சியமும் பாஸ்பரஸும் படிய வைக்கும். இடிக்கச் சில வாரம், கட்டச் சில மாதம் (நம்ம ஊர் ரோடு வேலை மாதிரியே!). பெரியவர்களுக்கு வருடத்துக்குச் சுமார் 10 சதவீத எலும்பு இப்படிப் புதிதாகிறது. பாரம் விழும் இடத்தில் எலும்பு கெட்டிப்படும் என்று ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். பாரமே இல்லாத விண்வெளியில் வீரர்களின் இடுப்பெலும்பு மாதம் சுமார் 1 சதவீதம் குறைகிறது. ஆக, மலையேறி உழைத்ததா எலும்பைத் தின்றது?

பிறகு எது? இடிக்கும் கூட்டத்துக்குக் கடிவாளம் ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நின்றதும் அது குறைந்துவிடுகிறது. இளவயதிலேயே கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் இந்தச் சரிவு இன்னும் சீக்கிரம் தொடங்கும். இதை ஆபரேஷனுக்கு முன்னால் எத்தனை பேருக்குச் சொல்கிறார்கள்?

அடுத்தது வெயில். விடியுமுன் ஜீப்பில் ஏறி போடிமெட்டு தாண்டிப் போகிறவர்களுக்குப் பகல் முழுக்க மர நிழல். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. கீழே போடி குடோனில் காய் தரம் பிரிப்பவர்கள் நிலை இன்னும் மோசம். வெயிலும் கிடையாது, பாரமும் கிடையாது, நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. வைட்டமின் டி இல்லாவிட்டால் தின்கிற கால்சியத்தைக் குடல் சரியாக உறிஞ்சாது. புரதமும் வேண்டும். ஏலத்தில் காயின் பருமனையும் நிறத்தையும் அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறார்களே, பறித்தவர் தட்டில் பருப்பு இருக்கிறதா என்று பார்த்தவர் உண்டா? கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ரேஷன் அரிசியோடு நிறுத்திக்கொண்டோம்.

இனி யாராவது உங்கள் அம்மாவிடம் "தேய்மானம்" என்றால், மூட்டா எலும்பா என்று கேளுங்கள். எலும்பு என்றால் டெக்ஸா ஸ்கேன் தேவையா என்றும் கேளுங்கள். மாதவிடாய் எந்த வயதில் நின்றது என்று விசாரிக்காமல் கால்சியம் மாத்திரை எழுதினால், நீங்களே அதைச் சொல்லிவிடுங்கள்.