சவலைப் பிள்ளை

“நம் தாய்மார்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை. அறிவு போதாது. அதனால்தான் குழந்தைகள் நோஞ்சானாகிப் போகின்றன” என்று ஒரு கூட்டத்தில் கனவான் ஒருவர் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அதற்கு முந்திய வாரம்தான் பொதட்டூர்பேட்டைக்குப் போய்விட்டு வந்திருந்தேன்.

திருத்தணிக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவாளர் ஊர் அது. எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960இல் நம்மோடு சேர்ந்த வட்டாரம். தெருவில் கால் வைத்ததுமே விசைத்தறிச் சத்தம் காதை அடைத்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பத்து மாதக் குழந்தை, தேநீரில் நனைத்த பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தது.

“கஞ்சி காய்ச்சித் தருவதில்லையா, அம்மா?” என்று கேட்டேன்.

“காய்ச்சலாம் சார். ஊட்டத்தான் ஆளில்லே. கை நின்னா கூலி நின்னுடுமே!”

இது அறியாமையா? அவளுக்குத் தெரியாத எதையும் அந்தக் கனவான் பேசிவிடவில்லை.

சவலைப் பிள்ளை என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அடுத்த பிள்ளை வந்துவிட, தாய்ப்பால் இழந்து இளைத்த பிள்ளை. அன்று கோல்டு கோஸ்ட் என்றழைக்கப்பட்ட கானாவில், 1930களில் டாக்டர் ஸிஸிலி வில்லியம்ஸ் இத்தகைய குழந்தைகளைக் கண்டார். அந்த ஊர் மக்கள் வழங்கிய ‘குவாஷியார்கர்’ என்ற பெயரையே நோய்க்கு வைத்தார். இடம் இழந்த பிள்ளையின் நோய் என்பது அதன் பொருள். பொதட்டூர்பேட்டையில் நான் பார்த்த குழந்தைக்குத் தம்பியும் இல்லை, தங்கையும் இல்லை. அதன் இடத்தைப் பறித்துக்கொண்டது கூலி.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பிறகு தாய்ப்பாலோடு, குழைந்த சோறும் பருப்பும் முட்டையும் கீரையும். குழந்தையின் வயிறு சிறிது. அதனால் நாளைக்கு மூன்று நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட வேண்டும். நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. இடையே வயிற்றுப்போக்கு வந்தால் தேறிய சதையும் கரைந்துவிடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 குழந்தைகளில் 25 பேர் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள். இந்தியா முழுவதிலும் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதிய உணவு பெற்றவர்கள் 100க்கு 11 பேர்தான்.

நாம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். காமராஜர் 1956இல் மதிய உணவு தந்தார். எம்.ஜி.ஆர். 1982இல் அதை விரிவாக்கினார். 2022இல் காலை உணவும் வந்தது. எல்லாம் புண்ணியம்தான். ஆனால் பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைக்குத்தான் அந்தப் பந்தி. வளர்ச்சி தேங்குவதோ முதல் இரண்டு ஆண்டுகளில்! அங்கன்வாடியிலிருந்து சத்துமாவு வீட்டுக்கு வருகிறது, உண்மை. அதைக் கிண்டி ஊட்டும் கை அதோடு கூட வருகிறதா?

தமிழக அரசின் பெண் ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு. அதை நான் வரவேற்கிறேன். 2017இல் 26 வாரமாக உயர்ந்த மத்தியச் சட்டத்தின் விடுப்போ பத்துப் பேராவது வேலை செய்யும் இடங்களுக்குத்தான். வீட்டுத் தறிக்காரிக்கு? முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தவணை தவணையாக 18,000 ரூபாய் உதவி. ஓராண்டுக்கு அதைப் பகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்கு 50 ரூபாய்கூடத் தேறாது. அவள் பிள்ளைக்கு மட்டும் வேறு வயிறா?

பிரசங்கம் வேண்டாம். அந்த ஓராண்டுக்குக் கூலி கொடுங்கள். தறி ஓடும் நேரமெல்லாம் திறந்திருக்கும் காப்பகத்தைத் தெருவுக்கு ஒன்று வையுங்கள். கைக்குழந்தையையும் ஏற்று, ஊட்டிவிட ஆள் உள்ள காப்பகமாக அது இருக்கட்டும்.

அறிவு போதாது என்றார் அந்தக் கனவான். வாஸ்தவம். யாருக்கு என்பதில்தான் அவருக்கும் எனக்கும் வழக்கு.