எல்போவுக்கும் ஒரு கணக்கு உண்டு

2025 பிப்ரவரி 17, திங்கட்கிழமை, விடிகாலை 5.36. முனிர்காவில் நாங்க எல்லாரும் நல்ல தூக்கம். கட்டில் ஒரு குலுக்கு குலுக்கியது. கூடவே பூமிக்கடியில் லாரி ஓடுற மாதிரி ஒரு உறுமல். "என்னங்க, எழுந்திருங்க!" என்று தங்கமணி கத்த, பையனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினால், மொத்த பிளாக்கும் கம்பளியோடு கீழே நிற்கிறது. அளவு 4தான். ஆனால் மையம் பக்கத்துல இருக்கிற தௌலா குவான், ஆழம் வெறும் 5 கிலோமீட்டர். அதனால்தான் அந்தச் சத்தம்.

ஊரிலிருந்து அம்மா போன். "செவுத்துல விரிசல் விட்டிருக்கான்னு பாருப்பா." எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். நான் சமையலறையில் காஸ் பைப்பின் எல்போவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தொழில் புத்தி :-)

பயப்படாதீங்க, இந்த மாதிரி சின்ன ஆட்டத்துக்கெல்லாம் எல்போ அசராது. நான் சொல்ல வருவது பெரிய ஆட்டத்தைப் பற்றி, அதுவும் திரும்பத் திரும்ப வருவதைப் பற்றி.

கட்டுக்கம்பியைக் கையால் வளைத்து வளைத்து ஒடித்திருப்பீர்கள். ஒரு தடவை வளைத்தால் ஒடியாது. பத்தாவதோ பதினைந்தாவதோ தடவை 'டக்'. முதல் வளைப்பிலேயே அதன் ஆயுளில் ஒரு பங்கு போய்விட்டது, நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. இரும்புக் குழாயும் இப்படித்தான். நேர்க்குழாயைவிட வளைவுக்குக் கஷ்டம் அதிகம். தோட்டத்து ஹோஸை வளைத்தால் வட்டம் நசுங்கி முட்டை வடிவம் ஆகிறதல்லவா? எல்போவிலும் அதேதான் நடக்கிறது. வான் கார்மன் 1911லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். இப்படி நசுங்கி நிமிரும்போது அதிக அடி வாங்குவது வளைவின் பக்கவாட்டுச் சுவர். பெரும்பாலும் பிளவு அங்கே, அதுவும் உள்பக்கத்தில் ஆரம்பிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

1952ல் மார்க்கிள் என்ற அமெரிக்க எஞ்சினியர், குழாய்களையும் எல்போக்களையும் முன்னும் பின்னும் ஆட்டி உடைத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். இன்றைக்கும் பைப்பிங் விதிகளுக்கு அதுதான் அஸ்திவாரம். அவர் கணக்குப்படி ஆட்டத்தின் அளவு இரண்டு மடங்கானால், ஆயுள் பாதியாகாது, 32ல் ஒரு பங்காகிவிடும்! நாங்கள் வழக்கமாக டிசைன் செய்வது 7000 சுற்றுக்கு. தினம் ஒரு தடவை சூடாகி ஆறுகிற லைனுக்கு அது கிட்டத்தட்ட 19 வருஷம். பெரிய பூகம்பத்தில் கதையே வேறு. சில நூறு சுற்றுகளிலோ, சில பத்துகளிலோ எல்போ பிளக்கலாம்.

நம்ம சென்னை தரமணியில் இருக்கிற எஸ்.இ.ஆர்.சி. ஆய்வுக்கூடத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக இப்படி எல்போக்களைச் சோதித்திருக்கிறார்கள். உள்ளே அழுத்தத்தை ஏற்றிவிட்டு வளைத்து வளைத்துப் பார்ப்பது. குழாய் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, கடைசியில் நீளவாக்கில் பிளந்துவிடும்.

இப்போது என் கதை. சில வருஷத்துக்கு முன் ஒரு ஆலை (பேர் வேண்டாம்). பம்ப் டிரிப் ஆகும்போதெல்லாம் செக் வால்வ் படாரென்று மூடி, லைன் முழுக்க உதறும். சப்போர்ட்டிலிருந்து குழாய் எகிறி விழுந்த தடம்கூட இருந்தது. "ரெண்டு எல்போவை மாத்திடலாம், குறைஞ்சது அல்ட்ராசோனிக்காவது பாருங்க" என்றேன். "ஹைட்ரோ டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சே சார், அப்புறம் என்ன?" என்றார்கள். ஷட்டவுன் நாட்கள் முடியப் போகிற அவசரம். நானும் கையெழுத்துப் போட்டேன். ஏழு மாசம் கழித்து, ராத்திரி ஷிப்டில், அதே எல்போவின் பக்கவாட்டிலிருந்து வெந்நீர் பீச்சியது. நல்லவேளை, அந்த நேரம் யாரும் பக்கத்தில் இல்லை. அந்தக் கையெழுத்து இன்னும் உறுத்துகிறது.

பிரஷர் டெஸ்ட் என்பது இன்றைக்குத் தாங்குமா என்று மட்டும் சொல்லும். மீதி எவ்வளவு ஆயுள் இருக்கிறது என்று சொல்லாது. பாதிச் சுவர் வரை பிளந்த குழாய்கூட அதில் பாஸாகலாம். நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25ல் 7.8, மே 12ல் 7.3. பதினேழே நாள் இடைவெளி. முதல் ஆட்டத்தில் தப்பிய குழாய், இரண்டாவதற்குப் புதுக் குழாயாகப் போய் நிற்கவில்லை. ஏற்கெனவே செலவழித்த ஆயுளோடுதான் நின்றது.

அதனால் என் கட்சி இதுதான்: பெரிய அதிர்வோ, வாட்டர் ஹேமரோ வந்தால், எந்த எல்போ எத்தனை தடவை எவ்வளவு ஆடியது என்று ஆலைகள் பதிவேடு வைக்க வேண்டும். மோசமாக ஆடினதைப் பக்கவாட்டில் அல்ட்ராசோனிக் பார்க்க வேண்டும். செலவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஷட்டவுன் இன்னும் இரண்டு நாள் நீளும். ஆனால் எங்கள் ஆலையில் அந்த ராத்திரி யாராவது அங்கே நின்றிருந்தால்?

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு பிளான்ட்டில் வேலை பார்ப்பவர்கள். "பாஸ் ஆயிடுச்சே" என்று யாராவது பேப்பரை நீட்டினால், ஒரு நிமிஷம் பேனாவை மூடி வையுங்கள்.

பி.கு.: வீட்டுக்கு: நிலம் ஆடி நின்றதும் காஸ் வால்வை மூடுங்கள். வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து காஸ் கம்பெனியைக் கூப்பிடுங்கள். சுவர் விரிசலை அப்புறம் பார்த்துக்கலாம், அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன் :-)