மார்த்தாண்டம் தேனும் செல்போன் கடையும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு புது வியாபாரம் வளர்ந்து வருகிறது.

அதற்குக் கடை கிடையாது. பெயர்ப் பலகை கிடையாது. கல்லாப் பெட்டியும் கிடையாது. ஒரு செல்போன் இருந்தால் போதும்.

படித்த பையன் வீட்டில் இருக்கிறான். வேலை கிடைக்கவில்லை. அல்லது, கிடைத்த வேலை பிடிக்கவில்லை. இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் திறக்கிறான். "சுத்தமான மார்த்தாண்டம் தேன்" என்று பெயர் வைக்கிறான். நாலு படம் போடுகிறான். சாயந்தரத்துக்குள் சென்னையில் இருந்து ஒருவர், பெங்களூரில் இருந்து ஒருவர், "என்ன விலை?" என்று கேட்கிறார்கள்.

பையனுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவின் வளையலை அடகு வைத்து, அந்தப் பணத்தை விளம்பரத்தில் போடலாமா என்று யோசிக்கிறான்.

போடலாமா? அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

ஸ்டார்ட்டப் என்றால் என்ன?

புதிதாகத் தொடங்கி, வேகமாக வளர நினைக்கும் கம்பெனிக்கு "ஸ்டார்ட்டப்" என்று பெயர். 2016-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி மத்திய அரசு இதற்கென்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தது. இன்டர்நெட் கட்டணம் மளமளவென்று இறங்கியது. செல்போனில் பணம் அனுப்பும் யு.பி.ஐ. முறையும் அந்த ஆண்டுதான் வந்தது. மலையோரக் கிராமத்தில் இருப்பவரும் டெல்லிக்காரருக்குப் பொருளைக் காட்டலாம், பணம் வாங்கலாம் என்ற நிலை உண்டாயிற்று.

தமிழக அரசும் "ஸ்டார்ட்டப் டி.என்." என்ற அமைப்பை நடத்துகிறது. நம் பக்கத்துக்கு அதன் வட்டார அலுவலகம் திருநெல்வேலியில் இருக்கிறது.

வீட்டில் இருந்து தேன் விற்பது எல்லாம் ஸ்டார்ட்டப் ஆகுமா என்று படித்தவர்கள் கேட்பார்கள். பெயருக்காகச் சண்டை வேண்டாம். பொருள் நன்றாக இருக்க வேண்டும். வாங்க ஆள் வேண்டும். செலவு போகக் கையில் காசு நிற்க வேண்டும். பெரிய கம்பெனிக்கும் சின்னக் கம்பெனிக்கும் கணக்கு இதுதான்.

நூறு ஆண்டுக்கு முந்திய ஸ்டார்ட்டப்

நம் மாவட்டத்துக்கு இது புதிதும் அல்ல.

1920-களில் மார்த்தாண்டத்துக்கு ஓர் அமெரிக்கர் வந்தார். பெயர் ஸ்பென்சர் ஹாட்ச். ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தைச் சேர்ந்தவர். அப்போது இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. (மார்த்தாண்டம் விளவங்கோட்டில் அல்லவா இருக்கிறது, அதை எப்படி நாஞ்சில் நாட்டுக் கதையில் சேர்க்கலாம் என்று தோவாளைப் பெரியவர்கள் கேட்பார்கள். சரிதான். ஆனால், தேன் பாட்டில் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது.)

ஊர் ஜனங்களின் கையில் என்ன இருக்கிறது என்று ஹாட்ச் பார்த்தார். கோழி இருந்தது. மாடு இருந்தது. தேனீ இருந்தது. காசுதான் இல்லை. ஊர்க்காரர் தங்கள் கையாலேயே முன்னேற வேண்டும். விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் நின்று யோசனை சொல்ல வேண்டும். இது அவருடைய கொள்கை.

முதலில் முட்டையை எடுத்துக்கொள்வோம். சின்னதும் பெரிதும், புதுசும் பழசும் கலந்து கூடையில் வந்தால் வாங்குகிறவன் நம்ப மாட்டான். நம்பாதவன் நல்ல விலை கொடுக்க மாட்டான். மார்த்தாண்டத்தில் முட்டையைத் தரம் பிரித்தார்கள். ஒன்றாகச் சேர்ந்து விற்றார்கள்.

பிறகு தேன்.

பழைய காலத்தில் தேன் எடுப்பது என்றால், அடையைப் பிய்த்துக் கையால் பிழிவதுதான். தேனோடு மெழுகு வரும். புழுவும் வரும். அடை நாசமாகும். தேனீ மறுபடியும் முதலில் இருந்து கூடு கட்ட வேண்டும்.

மரப் பெட்டியில் தேனீ வளர்த்தால் இந்தத் தொல்லை இல்லை. அடையைச் சட்டத்தோடு வெளியே எடுக்கலாம். சுழலும் எந்திரத்தில் வைத்துச் சுற்றினால் தேன் மட்டும் வெளியே வரும். வெற்று அடையைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிடலாம். தேனீயும் பிழைக்கும். தேனும் தெளிவாக இருக்கும்.

இந்த முறையை ஊர்க்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். 1930-களில் தேனீ வளர்ப்பவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் உண்டாயிற்று. பல வீட்டுத் தேன் ஓரிடத்தில் சேர்ந்தது. பக்குவம் செய்து பாட்டிலில் அடைத்து விற்றார்கள். "மார்த்தாண்டம் தேன்" என்ற பெயர் அப்படித்தான் பரவியது.

பாருங்கள். முதலில் பொருளைச் சரி செய்தார்கள். பிறகு எல்லாப் பாட்டிலும் ஒரே தரமாக இருக்கும்படி செய்தார்கள். பெயர் அதற்குப் பிறகுதான் வந்தது. நம் பையன் முதலில் பெயரை வைத்துவிட்டுப் பிறகு தேனைத் தேடுகிறான்!

ஒரு முறை விழுந்தது

அந்தப் பெயருக்குப் பின்னால் கண்ணீரும் உண்டு. 1991, 92-ம் ஆண்டுகளில் "தாய் சாக்புரூட்" என்ற வைரஸ் நோய் தென்னாட்டுத் தேனீக்களைத் தாக்கியது. புழுக்கள் அடைக்குள்ளேயே செத்தன. பெட்டி பெட்டியாகத் தேனீ அழிந்தது. நூறு பெட்டியில் பத்துகூடத் தப்பவில்லை என்கிறார்கள். நேற்று வரை தேன் எடுத்த வீட்டில் வெறும் பெட்டிதான் மிச்சம்.

தேனீக்காரர்கள் தொழிலை விட்டு ஓடிவிடவில்லை. மிஞ்சிய தேனீக் குடும்பங்களைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கினார்கள். பல ஆண்டுகள் பிடித்தன. 2023-ம் ஆண்டு மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஊர்ப் பொருளுக்குத்தான் இந்தப் பெயர் சொந்தம் என்று சட்டம் ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

வைரஸுக்குத் தப்பிய பெயர் சர்க்கரைப் பாகுக்குத் தப்புமா? நமது கவலை அதுதான்.

தீக்குச்சி வித்தை

2020 டிசம்பரில், டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. 13 கம்பெனிகளின் தேன். மொத்தம் 22 மாதிரிகள். எல்லாச் சோதனைகளிலும் தேறியவை 5 மாதிரிகள்தான். பெரிய கம்பெனிகள் இதை மறுத்தன. ஆனால், வாங்குகிறவர் மனதில் சந்தேகம் விழுந்துவிட்டது. "கம்பெனித் தேன் வேண்டாம், ஊர்த் தேன் கொடுங்கள்" என்று கேட்கிறவர்கள் பெருகினார்கள்.

அந்தச் சந்தேகத்தைத்தான் சிலர் காசாக்குகிறார்கள்.

செல்போனில் தேன் விளம்பரம் வந்தால் கவனித்துப் பாருங்கள். ஒருவர் தண்ணீரில் தேனை விடுகிறார். அது கரையாமல் அடியில் போய் நிற்கிறது. இன்னொருவர் தீக்குச்சியைத் தேனில் தோய்த்துக் கொளுத்திக் காட்டுகிறார். "நல்ல தேனுக்கு எறும்பு வராது" என்கிறார் மற்றொருவர். பார்க்கிறவர்களுக்குப் பரவசம்.

இதை எல்லாம் நம்பாதீர்கள். கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரின் அடியில் போய்த்தான் நிற்கும். நல்ல தேனையும் எறும்பு தேடி வரும். கலப்படத்தை ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. நல்ல தேன் சில நாளில் உறைந்து வெளுத்துப் போகலாம். அதைப் பார்த்து, "சர்க்கரை கலந்திருக்கிறாய்" என்று திட்டிப் பாட்டிலைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். உறைவது தேனின் குணம் என்று லேபிளிலேயே இரண்டு வரி எழுதினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

நம் ஊர்த் தேனில் பெரும் பகுதி ரப்பர் தோட்டத்தில் கிடைப்பது. அதற்கு ஒரு தனிக் குணம். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடும்போது, இலைக் காம்பில் இனிப்பு நீர் சுரக்கும். பூவில் இருந்து அல்ல. இலைக் காம்பில் இருந்து! ஜனவரி முதல் மார்ச் வரை தேனீ அதைக் கொண்டு வந்து பெட்டியை நிரப்புகிறது. இந்தத் தேனில் ஈரம் அதிகம். நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் தேனில் தண்ணீர் இருக்கக் கூடாது என்பது விதி. பக்குவம் செய்யாமல் அடைத்தால் புளித்து நுரை தள்ளும். மும்பைக்குப் போன பாட்டில் அங்கே மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தால், பையன் போட்ட அழகான படம் என்ன செய்யும்?

வளையல் கணக்கு

இப்போது பென்சிலை எடுங்கள். கற்பனைக் கணக்குத்தான், ஆனால் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஒரு பாட்டில் விலை 500 ரூபாய். தேனுக்கும் பாட்டிலுக்கும் 300. கூரியருக்கு 70. செல்போன் விளம்பரத்துக்கு 1,000 ரூபாய் கட்டி 10 பேர் வாங்கினார்கள் என்றால், ஆளுக்கு 100. மிச்சம் 30 ரூபாய். பத்துப் பாட்டிலுக்கு 300.

பத்தில் ஒன்று வழியில் உடைகிறது. மாற்றுப் பாட்டில் அனுப்ப 370 ஆகிறது. லாபம் போய், கையில் இருந்து 70 ரூபாய் நஷ்டம்.

அந்தப் பத்துப் பேரில் 5 பேர் அடுத்த மாதம் தாங்களாகவே மறுபடி கேட்கிறார்கள் என்று வையுங்கள். அவர்களுக்கு விளம்பரச் செலவு இல்லை. பாட்டிலுக்கு 130 ரூபாய் நிற்கும். ஐந்து பாட்டிலுக்கு 650 ரூபாய்.

லாபம் முதல் தடவை வாங்குகிறவரிடம் இல்லை. திரும்பி வருகிறவரிடம்தான் இருக்கிறது. திரும்பி வர வைப்பது தேன். ஆகவே, தம்பி, வளையலை அடகுக் கடைக்குக் கொண்டு போக வேண்டாம். தெரிந்தவர் ஐம்பது பேருக்கு முதலில் விற்றுப் பார். எத்தனை பேர் இரண்டாவது பாட்டில் கேட்கிறார்கள் என்று எண்ணு. பிறகு விளம்பரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

குளச்சலில் இருந்தும் முட்டத்தில் இருந்தும் மீன் கொண்டு வரும் அம்மாக்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. இன்று போன வாசலுக்கு நாளையும் போக வேண்டும். பழைய மீனைப் புது மீன் என்று கொடுத்துவிட்டு அந்த வாசலில் கூடையை இறக்க முடியுமா? செல்போன் கடையில் வாசல் இல்லை. வாங்குகிறவர் முகம் தெரியாது. ஒருவர் போனால் ஆயிரம் பேர் வருவார்கள் என்ற ஆசை பிறக்கிறது. அந்த ஆசையால் கெடுவது ஒரு பையனின் பெயர் மட்டுமா? மார்த்தாண்டம் என்று பாட்டிலில் எழுதியிருக்கிறதே! பெட்டி வைத்திருக்கும் அத்தனை வீட்டுப் பெயரும் சேர்ந்து கெடும்.

மெஸ்ஸி வந்தார், பணம் வரவில்லை

பெரிய கம்பெனிகளுக்கும் இதே கதிதான். பைஜூஸ் என்ற கல்விக் கம்பெனி 2011-ல் தொடங்கியது. செல்போனில் பாடம். பிள்ளைகள் விரும்பிப் படித்தார்கள். அதை மறுக்க முடியாது. 2019-ல் இந்திய கிரிக்கெட் வீரர்களின் சட்டையில் அந்தப் பெயர் ஏறியது. 2022-ல் கம்பெனியின் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கால்பந்து வீரர் மெஸ்ஸி அதற்கு விளம்பரத் தூதர் ஆனார்.

2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. எதற்காக? கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய சுமார் 158 கோடி ரூபாய் பாக்கிக்காக. சட்டையில் பெயர் போட்ட கடன்!

நமக்கு வடக்கே, தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ கம்பெனி இருக்கிறது. 1996-ல் தொடங்கியது. வெளியார் முதலீடு வாங்கவில்லை. ஆண்டுக்கணக்கில் சாப்ட்வேரைச் செய்து, விற்று, வந்த பணத்தில் வளர்ந்தது. மெதுவான வழிதான். ஆனால், நிற்கிறது.

எது பயணம் தாங்கும்?

பொருளைத் தேர்ந்தெடுப்பதிலும் புத்தி வேண்டும். மட்டிப்பழத்துக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சின்னப் பழம், மணமோ ஊரைக் கூட்டும். ஆனால் சீக்கிரம் கனிந்துவிடும். டெல்லிக்குக் கூரியரில் போனால் கூழாகத்தான் போய்ச் சேரும். நேந்திரங்காய் சிப்ஸ் பல நாள் தாங்கும். கிராம்பு மாதக்கணக்கில் தாங்கும். மட்டியைச் செல்போனில் காட்டலாம். சாப்பிட ஊருக்கு வரச் சொல்வதுதான் நல்லது.

சட்டம் தூங்கக் கூடாது

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் நிறைவேறி 2003-ல் நடைமுறைக்கு வந்தது. பதிவு அலுவலகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. குறியீட்டைப் பொய்யாகப் போட்டு விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். விளம்பரத்தில் புகழ்ந்து பேசுகிறவருக்கும் அந்த அபராதம் உண்டு. காசு வாங்கிக்கொண்டு "ஆகா, என்ன ருசி!" என்று வீடியோ போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வாங்குகிற தாய்மார்கள் பாட்டிலில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண் இல்லை என்றால் எந்த ஊர்ப் பெயர் எழுதியிருந்தாலும் வாங்க வேண்டாம்.

அதிகாரிகளிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. பத்துப் பெட்டி வைத்திருக்கும் விவசாயி தன் தேனைச் சோதித்துச் சான்று வாங்க எவ்வளவு செலவு ஆகும்? எங்கே போக வேண்டும்? அவருக்குக் கட்டுப்படியாகும் கட்டணத்தில், மாவட்டத்துக்குள்ளேயே அந்த வசதி வேண்டும். மார்த்தாண்டம் தேன் என்ற பெயரைப் போட உரிமை பெற்றவர்கள் யார் யார் என்ற பட்டியலைத் தமிழில், செல்போனில் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பெயரைத் தட்டினால் அந்தத் தேனீக்காரரின் ஊர் தெரிய வேண்டும்.

பையனிடம் போன் இருக்கிறது. பெரியவரிடம் பெட்டி இருக்கிறது. இருவரும் ஒரே தெருவில்தான் இருக்கிறார்கள். ரப்பர் தளிர்க்கும் மாதத்தில் பையன் பெரியவரோடு தோட்டத்துக்குப் போகட்டும். சட்டத்தைத் தூக்கி, அடையைச் சுற்றி, ஈரம் அளந்து, பாட்டிலில் அடைக்கக் கற்றுக்கொள்ளட்டும். அதையே படம் பிடித்துப் போடட்டும்.