அபராதம் கட்டினால் விளக்கு எரியுமா?

மாலை ஆறு மணி. சிவகாசியைச் சுற்றியுள்ள பட்டாசு ஆலைகளிலும் தீப்பெட்டி ஆபீஸ்களிலும் வேலை முடிகிறது. ஆட்களை ஏற்றிக்கொண்ட வேன்கள் வெம்பக்கோட்டைப் பக்கமும் சாத்தூர்ப் பக்கமும் போகின்றன. மொபெட்டில் புருஷனும் மனைவியும் போகிறார்கள். சிலர் சைக்கிளில், சிலர் கால்நடையாக. பட்டாசு ஆலையை ஊருக்கு வெளியே தள்ளித்தான் கட்ட வேண்டும். அதனால் வீடு திரும்பும் வழி நீளம். ஊரைத் தாண்டினால் பல இடங்களில் தெரு விளக்கும் இல்லை.

எதிரே ஒரே ஒரு வெளிச்சம் வருகிறது. மோட்டார் சைக்கிள் என்று நினைக்கிறோம். கிட்டே வந்த பிறகுதான் அது லாரி என்று தெரிகிறது!

இந்த ஒற்றைக் கண் லாரியில் ஒரு பயங்கரம் உண்டு. நம் நாட்டில் வண்டிகள் இடது பக்கமாகப் போகின்றன. ஆகவே எதிரே வரும் லாரியின் வலது விளக்குதான் நமக்கு அருகில் இருப்பது. அது கெட்டுப்போய் இடது விளக்கு மட்டும் எரிந்தால், வெளிச்சம் சாலையின் அந்த ஓரத்தில் தெரியும். "மோட்டார் சைக்கிள் ஒதுங்கித்தான் வருகிறது, நடுவில் இடம் இருக்கிறது" என்று எண்ணி நாம் நடுச் சாலைக்கு வருவோம். அங்கேதான் லாரியின் இருட்டுப் பாதி வந்துகொண்டிருக்கும். இடது விளக்கு கெட்டாலும் ஆபத்துதான். ஓரமாக நடந்து போகிறவர் டிரைவர் கண்ணில் படமாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு முன் விளக்கு எரிய வேண்டும். 155 மீட்டருக்கு அப்பால் உள்ள ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரிய வேண்டும். 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இப்படிச் சொல்கின்றன. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி 155 மீட்டரை ஒன்பதே விநாடியில் கடந்துவிடும். பார்த்து, புரிந்து, பிரேக் போட அந்த ஒன்பது விநாடிதான் அவகாசம்.

விதியை மீறினால் அபராதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-வது பிரிவில் முதல் தடவைக்கு 100 ரூபாய் வரை என்று இருந்தது, 2019 செப்டம்பர் 1 முதல் 500 ரூபாய் வரை ஆயிற்று. மறுபடி பிடிபட்டால் 1,500 ரூபாய் வரை. தமிழ்நாட்டில் புதிய அபராதங்கள் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தன.

190-வது பிரிவு இன்னும் கடுமையானது. பழுதான வண்டியை ஓட்டி, அந்தப் பழுதால் ஒருவர் காயப்பட்டால் மூன்று மாதம் வரை சிறைவாசம் கிடைக்கும். "பல்பு போனது எனக்குத் தெரியாது ஐயா" என்று தப்ப முடியாது. சாதாரணமாகக் கவனித்திருந்தால் தெரிந்திருக்கும் என்றால் அதுவே குற்றம்.

சரி, போலீசார் பிடிக்கிறார்கள். அபராதம் போடுகிறார்கள். பிறகு? ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அதே வண்டி அதே இருட்டில் போகிறது! சாதாரண பல்பின் விலை 500 ரூபாயைவிடக் குறைவு. கூலிக்காரர் அபராதம் கட்டிவிட்டால், பல்பு வாங்குவதை அடுத்த சம்பளத்துக்குத் தள்ளிப் போடத்தான் செய்வார். விளக்கில்லாத சைக்கிளை மடக்கிப் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிட்ட கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். காற்றுதான் போனது, விளக்கு வந்ததா?

வெளிநாடுகளில் எப்படி?

இங்கிலாந்தில் பழுதைச் சரிசெய்ய 14 நாள் தவணை கொடுக்கும் முறை உண்டு. சரிசெய்ததற்குச் சான்று காட்டினால் அபராதம் இல்லை.

அமெரிக்காவில் இதற்காக ஓர் உயிர் போயிற்று. 2016 ஜூலை 6-ந் தேதி மின்னசோட்டா மாநிலத்தில் பிலாண்டோ காஸ்டில் என்பவரின் காரை, பின் விளக்கு எரியவில்லை என்று சொல்லிப் போலீஸ் அதிகாரி நிறுத்தினார். சில நிமிடங்களில் காஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு அதே மாநிலத்தில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். விளக்கு எரியாத வண்டிக்காரரிடம் போலீசார் அபராதச் சீட்டுக்குப் பதில் ஒரு கூப்பன் கொடுப்பார்கள். அதைக் கொண்டுபோனால் ஒர்க்‌ஷாப்பில் விளக்கை இலவசமாகச் சரிசெய்து கொடுப்பார்கள்.

நம் நாட்டிலும் விசில் ஊதாமலே விளக்கு எரிந்த கதை உண்டு. 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளில் என்ஜின் ஓடினாலே முன் விளக்கு எரிகிறது. (பட்டப் பகலில் "லைட் எரியுது, லைட் எரியுது" என்று கையை மூடித் திறந்து காட்டும் புண்ணியவான்கள் இன்னும் இருக்கிறார்கள்!)

லாரி, வேன்களுக்கு எப்.சி. இருக்கிறது. எட்டு வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை ஆண்டுதோறும் காட்ட வேண்டும். ஆனால் எப்.சி. வாங்கிய மறுநாளே பல்பு போகலாமே!

விருதுநகர் மாவட்டத்தில் ஒன்று செய்து பார்க்கலாம். மாலையில் சோதனை நடக்கும் இடத்தில் ஒரு எலக்ட்ரீஷியனையும் ஒரு பெட்டி பல்பையும் வைக்கட்டும். முதல் தடவை பிடிபட்டவரிடம் பல்பின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு, அங்கேயே மாட்டி அனுப்பட்டும். அதே ஆள் மறுபடி வந்தால் முழு அபராதம் போடட்டும். ஆட்களை ஏற்றிப் போகும் வேனுக்கு மட்டும் இந்தச் சலுகை வேண்டாம். விளக்கு எரியும் வரை அது அங்கேயே நிற்கட்டும்.