உண்ணி கடிச்சதோ எண்டு கேளுங்கோ

முள்ளிக்குளத்துச் சனத்துக்கு உண்ணியைப் பற்றி யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வில்பத்துக் காடு பக்கத்தில. 2007 இல் வெளியேற்றப்பட்டவர்கள் பிறகு மலங்காட்டில் கொட்டில் போட்டு இருந்தபோது பத்தைக்குள்ளதான் சீவியம். மாட்டில, ஆட்டில, நாயில எல்லாம் உண்ணி. பிடுங்கி நகத்தால நசுக்கிப்போட்டு வேலையைப் பார்ப்பம். (நசுக்கக்கூடாது. எங்களுக்கும் பிந்தித்தான் தெரியும்.)

உண்ணிக்காய்ச்சலுக்கு ஏன் தடுப்பூசி இல்லை எண்டு கேட்டால், "இன்னும் கண்டுபிடிக்கேல்ல" எண்டு முடிச்சிடுவினம். அது பாதிக்கதைதான்.

அமெரிக்காவில் உண்ணியால் பரவும் லைம் நோய்க்கு 1998 இல் 'லைம்ரிக்ஸ்' எண்ட தடுப்பூசி வந்தது. பக்ரீரியாவின் மேற்பரப்பில் இருக்கிற ஓஎஸ்பி-ஏ எண்ட ஒரேயொரு புரதத்தை வைத்துச் செய்தது. அது வேலை செய்த விதம் வடிவானது: ஊசி போட்டவரின் இரத்தத்தை உண்ணி குடிக்க, அதிலுள்ள பிறபொருளெதிரி உண்ணியின் வயிற்றுக்குள்ளேயே கிருமியைக் கொண்டுபோடும். மூன்று ஊசி போட்டவர்களில் 76 வீதப் பாதுகாப்பு. ஆனால் மூட்டுவலி வருமெண்ட பயம் பரவி, வழக்குகள் வந்து, விற்பனை விழ, 2002 இல் கம்பனியே அதை நிறுத்திவிட்டது. மூட்டுவலிக்கு ஊசிதான் காரணம் எண்டு ஆய்வுகள் காட்டவுமில்லை.

பணக்கார நாட்டு நோய்க்கே இந்த நிலைமை. இலங்கையில் உண்ணி காவுவது றிக்கெற்சியாக் கிருமி. அதன் மேற்பரப்பிலும் ஓஎம்பி-ஏ, ஓஎம்பி-பி எண்டு புரதங்கள் இருக்கு. ஆய்வுகூட எலிகளில் அவை பாதுகாப்புத் தந்திருக்கு. இது கலத்துக்குள் ஒளிக்கிற கிருமி, பிறபொருளெதிரி மட்டும் போதாது எண்ட சிக்கல் உண்மைதான். ஆனாலும் கொட்டிலில் இருக்கிற சனத்துக்கான ஊசிக்கு எந்தக் கம்பனி காசு போடும்? மனிதருக்கு உரிமம் பெற்ற றிக்கெற்சியாத் தடுப்பூசி இப்ப பாவனையில் ஒன்றுமில்லை.

மருந்து இருக்கு. டொக்சிசைக்கிளின், பழைய மலிவான குளிசை. பெனிசிலின் இந்தக் கிருமிக்குக் கேக்காது. பிந்தினால் சிறுநீரகம், நுரையீரல், மூளை வரை போகலாம். முதல் நாட்களில் இரத்தப் பரிசோதனையில் பிடிபடாமலும் போகும். அதனால சந்தேகம் வந்தவுடனேயே மருந்தைத் தொடங்கவேணும். அந்தச் சந்தேகம் எப்படி வரும்? காய்ச்சலோடு வாற எல்லாரிடமும் டெங்கை மட்டும் தேடாமல், "காட்டுப்பக்கம் போனீங்களோ, உண்ணி கடிச்சதோ?" எண்டு கேட்டால்தான் வரும். முசலிப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் இந்தக் கேள்வி காய்ச்சல் படிவத்திலேயே இருக்கவேணும் எண்டு கேக்கிறம். கேக்காட்டி நீங்களே சொல்லுங்கோ. அக்குள், அரை, தலைமயிருக்குள்ள எங்கேயும் கறுத்த பொருக்குக் காயம் இருந்தால் அதையும் காட்டுங்கோ.