காற்று போகாத இடத்தில் வலை!

புதிதாக வரும் கார்களின் முகத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பம்பரின் இரண்டு மூலையிலும் தேன்கூடு மாதிரி கறுப்பு வலை இருக்கும். ஆஹா, என்ன காற்றோட்டம் என்று விரலை விட்டால்... முட்டும்! பல கார்களில் பின்னால் இருப்பது வெறும் பிளாஸ்டிக் தகடு. அப்படியே கையை நடுவே, நம்பர் பிளேட்டுக்குக் கீழே கொண்டு போங்கள். அங்கே நிஜமாகவே வாய் திறந்திருக்கும். குறுக்கே ஒன்றிரண்டு பட்டை, அதற்குப் பின்னால் ஏசி கண்டென்சர் பளபளவென்று தெரியும். அங்கே வலை? பெரும்பாலும் கிடையாது.

காற்று போகாத இடத்துக்கு வலை, காற்றும் கல்லும் போகிற இடத்துக்கு ஒன்றுமில்லை. இதற்குப் பெயர் டிசைனாம்! நான் இதை ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

வலை முதலில் எதற்காக வந்தது? 1923ல் பிரான்சின் லெ மான் ஊரில் முதல் 24 மணி நேரப் பந்தயம். பென்ட்லி காரை ஓட்டியவர்கள் ஜான் டஃபும் ஃபிராங்க் கிளெமென்டும். ஒரு கல் விளக்கை உடைத்தது, இன்னொரு கல் பெட்ரோல் டேங்கை ஓட்டை போட்டது. சைக்கிளில் பெட்ரோல் கொண்டு போய் ஊற்றி ஓட்டினார்கள், ஜெயிக்க முடியவில்லை. 1924ல் விளக்குகளுக்குக் கம்பி வலை கட்டி, டேங்கையும் மூடிக்கொண்டு அதே இருவர் வந்தார்கள். முதலிடம்! (வலையால் மட்டும் ஜெயித்தார்கள் என்று சொல்லவில்லை, முன் சக்கரத்துக்கும் பிரேக் வந்திருந்தது.) பிறகு பென்ட்லி பந்தயக் கார்களின் ரேடியேட்டருக்கு முன்னாலும் வலை வந்தது. கல்லடி பட்டு வந்த ஞானம் அது. இன்றைக்கு அந்த ஞானத்தின் தோல் மட்டும் மிச்சம், உள்ளே ஒன்றுமில்லை. 2019ல் வந்த டொயோட்டா சுப்ராவின் உடம்பில் இப்படி அடைத்த ஓட்டைகள் பல. பந்தயத்துக்கு மாற்றுபவர்கள் திறந்துகொள்ளலாம் என்று விளக்கமும் சொன்னார்கள். மற்றவர்களுக்கு?

விலை அதிகம் கொடுத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். 1996ல் வந்த போர்ஷே பாக்ஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர்கள் முன்பக்க மூலைகளில், பம்பர் ஓட்டைகளுக்கு நேர் பின்னால். காய்ந்த இலையெல்லாம் உள்ளே போய் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். ஈரத்தில் மக்கி அலுமினியத்தை அரிக்கும். சரியாகச் சுத்தம் செய்ய பம்பரைக் கழற்ற வேண்டும். அதனால்தான் அந்தக் கார் வைத்திருப்பவர்கள் வலையைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டுகிறார்கள்.

நம்ம ஊர் நெடுஞ்சாலையில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போனவர்களுக்கு இலை ஒரு பொருட்டே இல்லை. என் மாமாவின் காரில் ஒரே ஒரு கல், கண்டென்சர் குழாயில் ஊசித் துளை, கேஸ் மொத்தமும் காலி. வாரண்டி கேட்டால் "வெளியிலிருந்து பட்ட அடி சார், வராது" என்றார்கள். சரிதான், கல் வெளியிலிருந்துதான் வரும். அது உள்ளே வர வாசலைத் திறந்து வைத்தது யார்?

வலை போட்டால் எஞ்சின் சூடாகிவிடும் என்று ஒரு பயமுறுத்தல் உண்டு. கணக்குப் போடுவோம். 12 மில்லிமீட்டர் சதுரக் கண், 1 மில்லிமீட்டர் கம்பி. 12ஐ 13ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 85 சதவீதம் திறந்தே இருக்கிறது. ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளுக்குள் நுழையக் காற்று படும் பாட்டோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. இன்னொரு வேடிக்கை, பல நிறுவனங்கள் இப்போது கிரில்லுக்குப் பின்னால் தானாக மூடும் ஷட்டர் வைக்கின்றன. காற்று எப்போதும் முழுசாகத் தேவையில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டாயிற்று!

சின்னக் கல் நுழையுமே என்பீர்கள். நுழையும். ஆனால் கல்லின் அளவு பாதியானால் எடை எட்டில் ஒரு பங்கு. வலையில் நிற்பது பெரிய கல், கண்டென்சரைக் கொல்வதும் அதுதான்.

அதற்காக வீட்டு ஜன்னல் கொசுவலையை வெட்டி ஒட்டாதீர்கள். பூச்சியும் தூசியும் அடைத்து, அந்தப் பயமுறுத்தல் நிஜமாகிவிடும். பம்பரைத் துளைக்காமல் உள்பக்கம் கேபிள் டை போட்டுக் கட்டினால் போதும், கழற்றிக் கழுவலாம். முன்னால் ரேடார் உள்ள கார் என்றால் அதை மறைத்து உலோக வலை கூடவே கூடாது. 77 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை, கம்பி அதைக் குழப்பிவிடும். பம்பருக்கு வெளியே தடித்த இரும்புக் குழாய் மாட்டும் கூட்டத்தோடும் என்னைச் சேர்க்காதீர்கள். நடந்து போகிறவனின் காலை உடைக்கும் அந்தக் குழாய்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

ஆனால் இந்த ஜாக்கிரதை எல்லாம் வாங்கியவன் தலையில் ஏன்? ரேடார் எங்கே, ஷட்டர் எங்கே, எவ்வளவு காற்று வேண்டும் என்று மில்லிமீட்டர் கணக்கில் தெரிந்தவர்கள் தொழிற்சாலையில்தான் இருக்கிறார்கள். தேன்கூடு செய்ய அச்சும் இருக்கிறது, பிளாஸ்டிக்கும் இருக்கிறது. அதை ஓர் அடி தள்ளி, சரியான இடத்தில் வைக்கத்தான் மனசில்லை.

அடுத்த முறை ஷோரூமுக்குப் போனால் டச் ஸ்கிரீனைத் தடவுவதற்கு முன்னால் குனிந்து பம்பருக்குள் விரலை விட்டுப் பாருங்கள். விற்பவரிடம் சத்தமாகவே கேளுங்கள்: ஓட்டை இருக்கிற இடத்தில் வலை எங்கே, வலை இருக்கிற இடத்தில் ஓட்டை எங்கே?